சுப்புராயன் அளந்த நூல்

என் கடையில் இல்லாத சாமான் நிறைய உண்டு. ஆனால் அளவு தப்பிய பெல்ட் ஒன்றுகூட என் கையிலிருந்து போனது கிடையாது. ராயபுரத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அதாவது, சோழவரத்துக் கார் பந்தயத்துக்கு முந்தைய நாள் வரைக்கும் சொன்னார்கள். அதற்குப் பிறகு கதை மாறிவிட்டது. ஐஸ் ஃபாக்டரிக்காரன் முதல் மாவு மில்காரன் வரை, பெல்ட்டை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “இன்னா அண்ணாச்சி, இந்த தபாவாச்சும் ஒயுங்கா அளந்தியா?” என்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்குகிறான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். அப்படி இருப்பதற்குக் காரணம் சுப்புராயன். அவனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவன் மச்சான் திருமலைக்கு மட்டும் இது தெரியக்கூடாது. நல்ல வேளை, திருமலைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

நான் தவசிமுத்து. சொந்த ஊர் நாசரேத் பக்கம். உலகச் சண்டை தொடங்குவதற்கு முன்பே பிழைப்புக்கு மதராஸ் வந்து, ராயபுரம் ரயிலடிக்குப் பின்னால் ஒரு சந்தில் பெல்ட் கடை போட்டவன். ஆலை எந்திரங்களுக்குத் தோல் பட்டை, மாவு மில்லுக்குக் கித்தான் பட்டை, கார் லாரிக்கு ரப்பர் பெல்ட் என்று சுவர் முழுக்க ஆணியடித்து, அளவுவாரியாக மாட்டி வைத்திருப்பேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அங்குலக் கணக்கு தெரியாது. அறுந்த பழைய பெல்ட்டைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அது இல்லாவிட்டால், இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு நூலைச் சுற்றி, நுனி வந்து சேரும் இடத்தில் வெட்டிக் கொண்டுவருவார்கள். அந்த நூலை நான் பெல்ட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்து, சரியானதை எடுத்துக் கொடுப்பேன். நூல் என்ன சொல்கிறதோ அதுதான் எனக்குக் கணக்கு.

சுப்புராயன் திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்துக்காரன். தகப்பன், பாட்டன் எல்லாரும் கட்டுமரத்தில் போனவர்கள். இவன் மட்டும் சண்டைக் காலத்தில் பட்டாளத்து லாரிப் பட்டறைக்கு வேலைக்குப் போனான். எஞ்சின் சத்தம் காதில் ஏறிவிட்டது, அப்புறம் கடலுக்குத் திரும்பவே இல்லை. சண்டை முடிந்ததும் திருவொற்றியூர்ச் சாலையோரம் ஓலைக் கொட்டகை ஒன்று போட்டு, வண்டி ரிப்பேர் செய்ய ஆரம்பித்தான். வேலை செய்யும்போது வண்டியோடு பேசுவான். “இன்னா ராணி, காலைல எந்திரிக்க மாட்டியா? ஒடம்பு நோவுதா?” என்று ஒரு லாரியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே படுத்துக் கிடந்த டிரைவர் தன்னைத்தான் கேட்கிறான் என்று சட்டையை மடித்துக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டான். சுப்புராயன் அதற்கும் சிரித்தான். அவன் சிரித்தால் எதிராளியும் சிரித்தாக வேண்டும். எனக்கு அவனைப் பிடித்துப் போனதற்கு அந்தச் சிரிப்புதான் காரணம். மற்றபடி அவனால் எனக்குத் தொல்லைதான்.

கடலை விட்டானே தவிர, கடல் வழக்கம் ஒன்றை அவன் விடவில்லை. அவன் வீட்டில் புது வலையோ புதுக் கயிறோ எது வந்தாலும், முதலில் கடலில் ஒரு முக்கு முக்கி எடுத்துவிட்டுத்தான் வேலைக்குத் தொடுவார்கள். இவனும் பெரிய வேலை ஏதாவது வந்தால், அளவெடுத்த நூலைக் கடலில் முக்கிவிட்டுத்தான் என் கடைக்குக் கொண்டுவருவான். “கடலம்மாவுக்குக் காட்டிட்டேன் அண்ணாச்சி. இனிமே இது பொய் சொல்லாது” என்பான். நான் கோயிலுக்குப் போய் முழங்காலில் நிற்கிறவன். அடுத்தவன் நம்பிக்கையில் நான் ஏன் கை வைக்கிறேன்? என் மேஜையெல்லாம் உப்புத் தண்ணீர் ஆகிறதே என்று மட்டும் திட்டுவேன்.

அவன் பெண்டாட்டி குப்பம்மா. ஒரு காலத்தில் அவள் மீன் கூடையோடு எங்கள் தெருவுக்குள் நுழைந்தால், தெருக்கோடியில் இருக்கும் என் வீட்டுக்காரி ரோஸ்மேரி அடுப்பில் சட்டியை வைத்துவிடுவாள். அப்படி ஒரு குரல். குப்பத்தில் ஆண் பிடித்து வருவான், பெண் விற்பாள். விற்கிறவள் கையில்தான் வீட்டுச் சாவியும் இருக்கும், பேச்சும் இருக்கும். சுப்புராயன் கடலுக்குப் போகாவிட்டாலும் அவன் தகப்பனார் இருந்தவரை அவர் கொண்டுவந்த மீனைக் குப்பம்மா விற்றாள். கிழவர் போய்ச் சேர்ந்ததும் அந்த வீட்டிலிருந்து கட்டுமரம் ஏற ஆள் இல்லை. கரையில் பங்கும் இல்லை. குப்பம்மா இன்னொருத்தி முற்றத்தில் கருவாட்டுக்கு மீன் அறுத்து உப்பு போடும் வேலைக்குப் போனாள். அவளுடைய பெரிய கூடையைக் கவிழ்த்துப் போட்டுக் கோழியை அடைத்தார்கள். ஒருமுறை நான் அங்கே போயிருந்தபோது, “கோழி சவுக்கியமா கீது அண்ணாச்சி” என்று அந்தக் கூடையைக் காட்டிச் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது காருக்கு வருகிறேன். திருவொற்றியூரில் ஓர் ஆலையில் ரகுபதி என்று ஒரு எஞ்சினியர். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்னச் சிவப்புக் கார் ஒன்று வைத்திருந்தார். சோழவரத்தில் சண்டைக் காலத்து விமான ஓடுதளம் சும்மா கிடந்தது. அதில் கார் பந்தயம் நடத்தத் தொடங்கியிருந்தார்கள். ரகுபதிக்கு அந்தப் பித்து. ஊருக்குக் கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து சூப்பர்சார்ஜர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து சுப்புராயனிடம் கொடுத்தார். வேறொன்றுமில்லை, அது ஒரு காற்றுப் பம்பு. எஞ்சின் தானாக மூச்சிழுப்பது போதாதென்று, இது காற்றை வலிய உள்ளே திணிக்கும், வண்டி பறக்கும். அந்தப் பம்பைச் சுற்றுவது எஞ்சின் முன்னால் இருக்கும் சக்கரம். பம்பிலும் அதே மாதிரி ஒரு சக்கரம், புல்லி என்பார்கள், இரண்டுக்கும் நடுவே ஓடுவது ஒரு பெல்ட். அந்த பெல்ட்டில்தான் வினை வந்தது.

ரகுபதிக்குக் காற்று போதவில்லை. “பம்போட புல்லியைச் சின்னதாக்கிட்டா இன்னும் வேகமாச் சுத்துமே, சுப்புராயன்” என்றார்.

“சுத்தும் சார். ரொம்ப சுத்துச்சுன்னா பிஸ்டன்ல ஓட்ட வியும். கொஞ்சூண்டு கொறைக்கலாம், அதுக்கு மேல வாணாம்” என்றான் சுப்புராயன்.

அப்படியே கொஞ்சம் சின்ன புல்லியாகக் கடைந்து போட்டார்கள். புல்லி சின்னதானதும், பம்போடு வந்த சீமை பெல்ட் தொளதொளவென்று தொங்கியது. புது பெல்ட் வேண்டும். என்ன அளவு? எந்தப் புத்தகத்திலும் இருக்காது, ஏனென்றால் அந்தப் புல்லி உலகத்திலேயே அந்த ஒரு வண்டியில்தான் இருந்தது. நூல் விட்டு அளந்தால்தான் உண்டு.

இதற்கிடையில் குப்பத்தில் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் திருமலை இவனைச் சீண்டியிருக்கிறான். திருமலை குப்பம்மாவின் அண்ணன். சொந்தமாகக் கட்டுமரம் வைத்திருப்பவன். அவன் மரத்துக்கு ஓர் ஆள் குறைந்துகொண்டே இருந்தது. தங்கச்சி புருஷன் கையில் எண்ணெய்த் துணியோடு திரிவது அவனுக்கு ஆகவே ஆகாது.

“நீ கைய வச்ச வண்டி எல்லாம் ரோட்ல குந்திகினு கீது. அதுக்கு எங்கூட வந்து துடுப்பு வலிக்கலாமே” என்றிருக்கிறான்.

சுப்புராயனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பந்தியில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, “சோழவரத்துல அந்த சேப்பு வண்டி கடேசி வரைக்கும் ஓடலேன்னா, கொட்டாய மூடிட்டு மறுநா காலைல உன் மரத்துல ஏர்றேன். ஓடுச்சின்னா, இனிமே என் பேச்ச எடுக்காதே” என்று சொல்லிவிட்டான். குப்பத்துப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொன்ன சொல்லை அங்கே யாரும் திரும்ப வாங்க முடியாது. குப்பம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்பு சுப்புராயன் என் கடைக்கு வந்தான். நூல் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது.

“மேஜையைத் தொடைலே முதல்ல” என்றேன்.

“தொடைக்கிறேன் அண்ணாச்சி. இன்னிக்கு மட்டும் திட்டாதே. என் வாய்க்கையே இதுல தொங்கிகினு கீது.”

விவரமாகச் சொன்னான். பம்பைத் தாங்கும் பிராக்கெட்டில், அதை நகர்த்த நீளத் துளையாக ஒரு காடி வைத்திருந்தான். பெல்ட் ஓட ஓடக் கொஞ்சம் இளகும். அப்போது பம்பை வெளியே தள்ளி முறுக்க இடம் வேண்டும். அதனால் பம்பை எஞ்சினுக்குக் கிட்டே, காடியில் ஒரு விரல்கடை மட்டும் விட்டு நிறுத்தி, புல்லிப் பள்ளத்தின் அடியில் இறங்காமல் பெல்ட் உட்காரும் மட்டத்திலேயே நூலை ஓட்டியிருக்கிறான். கை சுத்தமான வேலை. பெல்ட் நீளமாகிவிட்டால் வழுக்கும், கத்தும், புகையும். குட்டையாகிவிட்டால் பம்பின் பேரிங்கைத் தின்றுவிடும், இல்லாவிட்டால் தானே அறுந்துவிடும். நூலைச் சேர்த்து பெல்ட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்தேன். முப்பத்தேழு அங்குலத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. கொடுத்து அனுப்பினேன்.

சனிக்கிழமை வெயில் ஏறும் முன்பே அந்த பெல்ட் அறுந்து என் மேஜையில் வந்து விழுந்தது. சுப்புராயன் முகத்தில் ஈயாடவில்லை. பம்பைக் காடியின் கடைசி வரை உள்ளே தள்ளியும், நெம்புகோல் போட்டுத்தான் பெல்ட்டை ஏற்ற முடிந்ததாம். எண்ணூர் சாலையில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். பம்பு நாய் மாதிரி ஊளையிட்டு, பேரிங் சுட்டு, பெல்ட் தெறித்துவிட்டது. பேரிங் மட்டும் எப்படியோ தப்பித்தது.

“நீ அளந்தது தப்புலே” என்றேன்.

“நானா தப்பு? ரெண்டு தபா சுத்திப் பாத்தேன். நீ குட்த்தது தப்பு.”

எனக்கு வந்ததே கோபம். அதே நூலை எடுத்து, அறுந்த பெல்ட்டின் பக்கத்தில் நீட்டிக் காட்டினேன். மயிரிழை வித்தியாசம் இல்லை. சந்தில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கடைசியில் அவனே ஒரு முடிவுக்கு வந்தான். “அம்மாவுக்குக் காட்டின நூலு பொய் சொல்லாது. என் பிராக்கெட்டுதான் கோணிகினு கீது. இதே அளவுல இன்னொண்ணு குடு. காடிய ராவி, பம்ப இன்னும் உள்ள எறக்கிடறேன்” என்றான். கொஞ்சம் பெரியதாக ஒன்று எடுத்துப் போய்ப் போட்டுப் பார் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். காதில் வாங்கவே இல்லை. இன்னொரு முப்பத்தேழை வாங்கிக்கொண்டு, அரம் வாங்குவதற்காக மூர் மார்க்கெட் பக்கம் போனான். ராவினால் அந்த பிராக்கெட் பலம் போய் முறியும் என்று எனக்கே தெரிந்தது. பிடிவாதக்காரப் பயல். தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து கடைப் பலகையை எடுக்கிறேன், குப்பம்மா வாசலில் நிற்கிறாள். திருவொற்றியூரிலிருந்து நடந்தே வந்திருக்க வேண்டும். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கயிற்றை மேஜைமேல் வைத்தாள். வலையின் மேல்கயிறு. சாயம் ஏறிக் கறுத்து, உப்பில் விறைத்துப் போயிருந்தது. 

“இதுக்கு இன்னா பெல்ட்டு வருதுன்னு பாரு அண்ணாச்சி.”

“எங்கே அளந்தது இது?”

“கொட்டாய்ல. எங்க ஆளு இங்க வந்துருந்தப்போ அளந்தேன். நேத்து அது ஒரு விரகட வுட்டு வச்சு அளந்துச்சே, அதே கோட்டுல பம்ப வச்சுத்தான் சுத்தினேன். கோடு கீறி வச்சிருந்துச்சு.”

உள்பக்கம் வைத்துப் பார்த்தேன். முப்பத்தேழு எட்டவே இல்லை. முப்பத்தெட்டும் இல்லை. முப்பத்தெட்டரையில் போய் உட்கார்ந்தது.

“என்னம்மா இது? அவன் நூலு முப்பத்தேழுன்னுல்லா சொல்லுது?”

“அது புது நூலு” என்றாள். “புது நூலு தண்ணில பட்டா சுருங்கிப்பூடும். வல கட்ற எனக்குத் தெரியாதா? ஆம்பளைங்க கைக்குப் போறப்போ நாங்க நனைச்சு, காய வச்சு, எல்லாம் பண்ணித்தான குடுக்கறோம். அதுங்களுக்கு இன்னா தெரியும்? முன்னெல்லாம் எங்க மாமனாரு பழைய வலைலேந்து நான்தான் அவுத்துக் குடுப்பேன். எத்தினியோ தபா நனைஞ்ச நூலு. இனிமே சுருங்கறதுக்கு அதுல இன்னா கீது? இப்ப வூட்ல வலையே இல்ல அண்ணாச்சி. கடைல புதுசா வாங்கி அளந்துகீது. அளந்துட்டு கடல்ல முக்கிகீது.”

எனக்கு விளங்கியது. இத்தனை வருஷம் அவன் கொண்டுவந்த ஈர நூல் எல்லாம் சரியாக இருந்ததற்குக் காரணம் கடலம்மாவும் இல்லை, நானும் இல்லை. அவன் வீட்டில் ஒரு பழைய வலை கிடந்தது, அவ்வளவுதான்.

“இதை அவன்ட்டயே சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா மனசு வுட்டுடும், கடலே தன்னைக் கைவுட்டுச்சின்னு. அதுவும் இல்லாம, இது எங்க அண்ணன் வலைல அறுத்த கயிறு. கூடப் பொறந்தவளே குயி தோண்டிட்டான்னு குப்பம் பூராப் பேசும். நீயே எதுனா சொல்லிக் குட்த்துடு. நான் வந்தேன்னு சொல்லாதே.”

கேட்கக்கூடாதுதான். ஆனால் என் நாக்கு சும்மா இருக்குமா?

“ஏன் தங்கச்சி, நாளைக்கு வண்டி நின்னா அவன் மரத்துக்கு வந்துருவான். உன் கூடையும் நிமிந்துரும். உனக்கு அதானே வேணும்?”

குப்பம்மா சுவரில் தொங்கும் பெல்ட்டுகளைப் பார்த்தாள்.

“வேணும் அண்ணாச்சி. ரொம்ப வேணும். அடுத்தவ வாசல்ல குந்திகினு மீனு அறுத்து அறுத்து வெறுத்துப்பூட்டுது. கூவி விக்கிற கனா வந்து முழிச்சிக்கறேன்” என்றாள். “ஆனா நூலு சுருங்கிச்சின்னு வர்ற ஆளு எனக்கு இன்னாத்துக்கு? வந்தா அதுவா வரணும்.”

சொல்லிவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டாள். நான் அந்தக் கயிற்றை முப்பத்தெட்டரை ஆணியில் மாட்டிவிட்டு, அதே ஆணியிலிருந்து ஒரு பெல்ட்டை எடுத்துக்கொண்டு கடையைச் சாத்தினேன். சனிக்கிழமை வியாபாரம் போனால் போகிறது.

கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது சுப்புராயன் அரத்தை இன்னும் வைக்கவில்லை, வைக்கப் போகிறான். ரகுபதி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார். வழியெல்லாம் என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். சொல்லக்கூடிய பொய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு நாக்கு புரளவில்லை. கர்த்தரே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

“ஏலே, அரத்தைக் கீழே போடு. தப்பு என்னுது. நூலைப் பெல்ட்டுக்கு உள்பக்கமா வைக்கணும். நான் ஏதோ நெனப்புல வெளிப்பக்கமா வச்சுப் பாத்துட்டேன். காலைல உனக்கு நீட்டிக் காட்டினதும் வெளிப்பக்கந்தான். பெல்ட்டுக்கு வெளி நீளம் வேற, உள் நீளம் வேற. அந்தா இந்தான்னு ஒன்றரை அங்குலம் போயிட்டு. இந்தா, இதைப் போடு.”

சுப்புராயன் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தான். ரகுபதி எழுந்து நின்றார்.

“நீயா அண்ணாச்சி? நீயா வெளிப்பக்கம் வச்சே?”

“நான்தாம்லே. எத்தனை மட்டம் கேப்பே?”

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். ரகுபதியும் சிரித்தார். பக்கத்து டீக்கடைக்காரனும் வந்து விஷயம் கேட்டு அவனும் சிரித்தான். என் பெயர் கெட்டது அந்த இடத்தில்தான். பெல்ட் எப்படி ஏறியது தெரியுமா? நெம்புகோலே வேண்டியிருக்கவில்லை. கையால் தள்ளினான், உட்கார்ந்தது. பம்பைக் கொஞ்சம் வெளியே இழுத்து முறுக்கி, கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்திப் பார்த்து, “சோக்கா கீது ராணி” என்று காரிடம் சொன்னான்.

மறுநாள் சோழவரத்துக்குக் குப்பமே ஒரு லாரி பிடித்து வந்துவிட்டது. திருமலை லாரிக் கூண்டின் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டான். நான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் அங்கே போய் நின்றதற்கு ரோஸ்மேரி என்னை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். சிவப்பு வண்டி ஒவ்வொரு சுற்றுக்கும் எங்களைத் தாண்டும்போது அந்தப் பம்பு ஒரே ராகத்தில் பாடிக்கொண்டு போனது. பெரிய பெரிய வண்டிகள் சில நடுவில் புகை கக்கிக்கொண்டு ஓரம் கட்டின. இது கட்டவில்லை. முதலாவது வரவில்லை, மூன்றாவதும் வரவில்லை. எத்தனையாவது என்று யார் பார்த்தார்கள்? கடைசிச் சுற்றையும் முடித்துக் கொடிக்குக் கீழே போனது. அது போதும். ரகுபதி வண்டியை விட்டு இறங்கி ஓடிவந்து சுப்புராயனைக் கட்டிக்கொண்டார். திருமலை கூண்டைவிட்டு இறங்கி, “உன் பேச்ச இனிமே எடுக்கல” என்று அவன் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். சொன்ன சொல் சொன்ன சொல்தான்.

நான் குப்பம்மாவைத் தேடினேன். லாரியின் அந்தப் பக்கத்து நிழலில் தனியாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்து, “ஓடிச்சா அண்ணாச்சி?” என்று கேட்டாள். ஓடியது அவளுக்குத் தெரியாதா? கடலையில் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன்.

இதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். அந்த வாரத்தில் ஒருநாள் கொட்டகையில் சுப்புராயன் என்னைக் கேலி செய்துகொண்டிருந்தபோது திருமலை உறுமிக்கொண்டு வந்தான்.

“எவனோ என் வல மேல்கயித்த அறுத்துகினு பூட்டான். எலி இல்ல. கத்தி வச்சு நறுக்கிக்கீறான். திருடுறவன் முயுசா திருட மாட்டான்? இம்மாத்தூண்டு எவனுக்கு வோணும்?” என்று இரண்டு கையையும் அகட்டிக் காட்டினான்.

சுப்புராயன் சிரித்துக்கொண்டேதான் திரும்பினான். மச்சான் கைகளுக்கு நடுவே இருந்த நீளத்தைப் பார்த்தான். அப்புறம் கொட்டகையில் நின்ற காரின் முன்பக்கத்து பெல்ட்டைப் பார்த்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். எனக்கு முகத்தில் எதையும் மறைக்க வராது. அவன் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. திருமலையிடம் மட்டும், “வலயக் கொண்டா, நான் கட்டித் தரேன்” என்றான்.

அன்று பொழுது சாயும் முன்பே கடைக்கு வந்துவிட்டான். அவனே சுவரை ஒரு பார்வை பார்த்து, முப்பத்தெட்டரை ஆணியிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்தான். நல்ல கயிறாயிற்றே என்று தூக்கிப் போடாமல் விட்டிருந்தேன். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான். சாயத்தின் வாசனையிலேயே எந்த வீட்டு வலை என்று அவர்களுக்குத் தெரியும்.

“குப்பம்மா இன்னா சொன்னா அண்ணாச்சி?”

இனி மறைத்து என்ன? புது நூல் சுருங்கியதைச் சொன்னேன். கூவி விற்கிற கனவைச் சொன்னேன். வந்தால் அதுவா வரணும் என்றதையும் சொன்னேன். சுப்புராயன் மேஜையில் முழங்கையை ஊன்றி, கயிற்றை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தான்.

“அப்ப நீ உள்பக்கந்தான் வச்சே?”

“பின்னே? என்னைய யாருன்னு நெனச்சே?”

“ஊரே உன்னப் பாத்து சிரிக்குது அண்ணாச்சி.”

“சிரிக்கட்டும். நீ வாயத் தொறந்தா திருமலை காதுக்குப் போயிரும். பேசாம இரு.”

அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கையெல்லாம் கிரீஸ். நான் திட்டவில்லை. கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் ரோஸ்மேரியும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தெரு முனையில் ஒரு குரல் எழுந்தது. ரோஸ்மேரி சட்டென்று நின்று என் கையைப் பிடித்தாள். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. குப்பம்மா வருகிறாள், தலையில் அந்தப் பெரிய கூடை. எங்களைப் பார்த்ததும் திண்டாடித் திண்டாடி அதை இறக்கி வைத்தாள். அவ்வளவு கனமோ என்று நான் கை கொடுக்கப் போனேன். உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு கை காரப்பொடி மீன். அதற்கு நடுவே கொஞ்சம் கடல்பாசி.

“அது விடியங்காட்டி எங்க அண்ணன் மரத்தாண்ட போய் நின்னுகீது” என்றாள். “எங்க அண்ணன் என்னாத்துக்கு வந்தேங்கறான். கொட்டாய்க்கு ஞாயித்துக்கெயம லீவு, அதான் வந்தேன்னுச்சாம். ஒவ்வொரு ஞாயிறும் வருமாம். அல தாண்றதுக்குள்ள மூணு தபா வாந்தி எடுத்துச்சாம் அண்ணாச்சி. கை ரெண்டும் கொப்புளம். அது பங்குக்கு இதான் வந்துச்சு.”

சொல்லும்போது அவள் முகத்தை நான் பார்த்தேன். ரோஸ்மேரிக்குப் பாதி கதைதான் தெரியும், அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அதுவா வந்துச்சு அண்ணாச்சி” என்றாள் குப்பம்மா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

ரோஸ்மேரி முந்தானையை விரித்து, “அப்படியே எல்லாத்தையும் எனக்கே போட்டுரு” என்றாள்.

குப்பம்மா கூடையைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “ஐய, அதெப்டிக்கா? இப்பவே வித்துட்டா நான் இன்னாத்த வச்சிகினு கூவறது? இன்னும் பெரம்பூர் வரைக்கும் போவணும். எல்லாரும் பாக்க வாணாமா, எங்க வூட்டுக்காரரு புடிச்ச மீன?”

கூடையைத் தலையில் ஏற்றிவிட்டேன். அவள் கூவிக்கொண்டு அடுத்த தெருவுக்குத் திரும்பினாள். அன்றைக்கு மத்தியானம் எங்கள் வீட்டில் பருப்புக் குழம்புதான்.